கட்டைவிரல் சாய்கிறதா? அறுவைக்குக் கையெழுத்திடும் முன்

கர்நாடகத்தில், ஓசூர் சாலையின் சந்தாபுரா சந்திப்பில் கம்பெனி பேருந்துக்கு நிற்பவர்களிடையே தமிழ்ப் பேச்சு சகஜமாகக் கேட்கும். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை செய்பவர்கள் பலர். கால் கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்து, ஷூவில் உரசிச் சிவந்து வலித்தால், ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள்.

அங்கே எலும்பு வளர்வதில்லை. கட்டைவிரலைத் தாங்கும் பாத எலும்பு மற்றக் காலின் பக்கம் விலக, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்கிறது. நடுவிலுள்ள மூட்டு துருத்துகிறது. மருத்துவத்தில் இதற்கு ஹாலக்ஸ் வால்கஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 டிகிரியைத் தாண்டினால் குறைபாடு. 40ஐத் தாண்டினால் தீவிரம்.

காரணங்கள்

பரம்பரை, தட்டைப் பாதம், தளர்ந்த மூட்டுநார்கள், முடக்குவாதம் ஆகியவை அடிப்படை. பெண்களுக்கு இது அதிகம். முனை குறுகிய காலணி நிலைமையை மோசமாக்கும். 1958இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தச் சாய்வு இருந்தது. வெறுங்காலில் நடந்தவர்களில் 1.9 சதவீதம் பேருக்கே இருந்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். காகிதத்தின் மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுங்கள். அதன்மேல் ஷூவை வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அந்த ஷூ உங்கள் பாதத்துக்குக் குறுகல். பாதுகாப்பு ஷூ இறுக்கினால் அகலமான அளவைக் கம்பெனியிடம் கேளுங்கள்.

அறுவை யாருக்கு?

அகலக் காலணி, சிலிகோன் பட்டை, உடற்பயிற்சி ஆகியவை வலியைக் குறைக்கும்; சாய்ந்த எலும்பை நிமிர்த்தாது. இவற்றுக்கும் அடங்காத வலி அன்றாட நடையைக் கெடுத்தால் அறுவை பற்றி யோசிக்கலாம். அழகுக்காக மட்டும் செய்துகொள்ள வேண்டாம்.

நுண்துளை அறுவையில் சில மில்லிமீட்டர் துளைகள் வழியே சிறு பர் கருவியை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணியால் பொருத்துகிறார்கள். தழும்பு சிறியது. பெரும்பாலும் தனிக் காலணியோடு விரைவில் ஊன்றி நடக்கலாம். ஆனால் துளை சிறியதென்று அறுவையும் சிறியதாகிவிடாது. எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். வீக்கம் பல மாதம் நீடிக்கலாம். தொற்று, நரம்புக் காயம், மூட்டு இறுக்கம், எலும்பு கூடாமை, சாய்வு மீண்டும் வருதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. மூட்டு மிகவும் தேய்ந்தவர்களுக்கு வேறு அறுவை தேவைப்படலாம். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை அளவையும் காலின் ரத்த ஓட்டத்தையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். புகைப்பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

உங்கள் உரிமைகள்

நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில் சொன்னது. 2020இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கேட்பது சலுகை அல்ல.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தமிருந்தால் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டுங்கள். உரிய பங்களிப்பு நாட்கள் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஓய்வுக் காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவமனைகள் கட்டண விவரத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். கட்டணச் சிகிச்சையில் கவனக்குறைவு நடந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம்.

கையெழுத்துக் கேட்கும் படிவம் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியும்வரை கையெழுத்திடாதீர்கள். இன்னொரு எலும்பு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். இது அவசர அறுவை அல்ல; யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.