கட்டடக்கலைப் படிப்பு: கட்டணமும் வருவாயும்

இந்தியாவில் பி.ஆர்க். எனப்படும் இளநிலைக் கட்டடக்கலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு என்பதால், பொறியியலைவிட ஓராண்டுச் செலவு கூடுதலாகும் என்பதோடு, சம்பாத்தியமும் ஓராண்டு தள்ளிப்போகும் என்பதைக் குடும்பங்கள் முதலிலேயே கணக்கில் கொள்வது நல்லது. கல்லூரி அறிவிக்கும் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். வரைதாள், மாதிரி வடிவம் செய்வதற்கான அட்டையும் பசையும், முப்பரிமாண மென்பொருளைத் தாங்கும் மடிக்கணினி, பெரிய தாள்களில் அச்செடுப்பது, கல்விச் சுற்றுலா ஆகியவை பருவந்தோறும் பணத்தை விழுங்கும். இவ்வளவு செலவு இருப்பதால், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி போன்ற அரசு நிறுவனங்களே முதல் தெரிவாக இருக்கத்தக்கவை. திருச்சி என்.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் இரண்டாம் தாளை எழுதவேண்டும்; தமிழக அரசுக் கலந்தாய்வில் பங்கேற்க ‘நாட்டா’ என்னும் திறனறித் தேர்வை எழுதலாம்.

1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி, அதன்கீழ் அமைந்த கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்த முடியும் என்பதால், கவுன்சிலின் ஒப்புதல் இல்லாத கல்லூரி எவ்வளவு மலிவானாலும் வீண்செலவே.

வருவாயைப் பொறுத்தவரை, சிறு அலுவலகங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. கட்டடத் தகவல் மாதிரியாக்கம், அதாவது கட்டடத்தின் அளவு, பொருள், செலவு அனைத்தையும் ஒரே கணினி மாதிரியில் இணைக்கும் முறை, கைவந்தவர்களுக்கும் திட்ட மேலாண்மையில் தேர்ந்தவர்களுக்கும் பெருநிறுவனங்களில் வாய்ப்பு விரிகிறது. சொந்த அலுவலகம் தொடங்குவோர்க்கோ, வாடிக்கையாளர் வட்டம் அமையும்வரை சில ஆண்டுகள் கையைக் கடிக்கும். ஆகவே கல்விக்கடனின் மாதத் தவணையைத் தொடக்கச் சம்பளத்தோடு ஒப்பிட்டே கல்லூரியைத் தெரிவு செய்யவேண்டும்.