கைப்பேசியும் தமிழ் எழுத்தும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மனிதன் தன் எண்ணத்தைப் பிறருக்கு உணர்த்தப் பேச்சைக் கண்டான். எதிரே இல்லாதவருக்கும் உணர்த்த எழுத்தைக் கண்டான். ஓலையும் எழுத்தாணியும் போய்த் தாளும் பேனாவும் வந்தன. தட்டச்சுப் பொறி வந்தது. இன்று கைப்பேசி வந்திருக்கிறது. கருவி மாறும்போது எழுதும் முறையும் மாறுவது இயற்கையே. ஆயினும் இம்முறை நேர்ந்த மாற்றத்தில் ஒரு விந்தை உண்டு. மாணவர்களாகிய நாம் கைப்பேசியில் எழுதுவது தமிழ்; எழுதப் பயன்படுத்துவதோ ஆங்கில எழுத்து. இப்பழக்கம் எவ்வாறு வந்தது, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

என் வீட்டில் நடந்தது

நான் விடுதியில் தங்கிப் படிப்பவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் அறியார். நண்பர்களுக்கு ஆங்கில எழுத்தில் செய்தி அனுப்பிய பழக்கத்தில் அம்மாவுக்கும் அப்படியே அனுப்பி வந்தேன். பதில் எப்போதும் அழைப்பாகத்தான் வரும். ஏன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

முதற் பருவத்தில் கணிதத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. வாய் திறந்து சொல்லத் துணிவு வரவில்லை. "அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்" என்ற வேண்டுகோளோடு அம்மாவுக்குச் செய்தியாக அனுப்பினேன். மறுநாள் மாலைக்குள் அது எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அப்பாவே டீக்கடையில் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்தார்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் உண்மை தெரிந்தது. நான் அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றையும் அம்மா எதிர்வீட்டுக்கு எடுத்துச் சென்று, அங்கே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார். அன்றும் அப்படியே கொடுத்தார். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, அவள் உரக்கப் படித்துவிட்டாள்.

"நீ இங்கிலீசுல எழுதுறேன்னு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு தம்பி. வாசிக்கத்தான் ஆளு வேண்டியிருந்துச்சு" என்றார் அம்மா.

என் கோபம் வெட்கமாக மாறிற்று. என் தாய்மொழியில் எழுதி, அதை என் தாயே படிக்க முடியாதபடி செய்தவன் நான்தான்.

பழக்கம் வந்த வழி

இப்பழக்கத்தை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. தொடக்கத்தில் இதற்கு அறிவியல் காரணம் ஒன்று இருந்தது. 1992-ஆம் ஆண்டு முதன்முதலாக அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி என்னும் முறையில், ஒரு செய்தியின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. குறியீடு ஒன்றுக்கு 16 பிட் வேண்டும். ஆகவே 70 குறியீடுகளே அடங்கும். அதிலும் புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். நாம் மூன்றெழுத்தாக எண்ணும் 'அம்மா' அங்கே ஐந்து இடங்களைப் பிடிக்கும். 'சாப்பிட்டீர்களா' என்ற ஒரே சொல்லுக்குப் பதினைந்து இடம் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த காலம் அது. போதாக்குறைக்குப் பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்து வெறுங் கட்டங்களாகவே தெரிந்தது. நமக்கு முன் படித்த அண்ணன்மார் ஆங்கில எழுத்தை நாடியதில் வியப்பில்லை.

இன்று அந்த நிலை இல்லை. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்றைய தொடுதிரைக் கைப்பேசிகள் தமிழைத் தெளிவாகக் காட்டுகின்றன. இணையவழிச் செய்திக்கு 160, 70 என்ற எல்லைகளும் இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இழப்பு யாருக்கு?

முதல் இழப்பு, எழுத்தறிந்தும் ஆங்கிலம் அறியாத நம் பெற்றோருக்கு. இரண்டாவது இழப்பு நமக்கே. ஆங்கில எழுத்தில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்று. 'மணம்', 'மனம்' ஒன்று. 'அரை', 'அறை' ஒன்று. படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்கிறார். நாள்தோறும் வேறுபாடு இன்றி எழுதிய கை, தேர்வுத் தாளில் தடுமாறுகிறது. தமிழ் அகமதிப்பீட்டுத் தேர்வில் நான் 'அரை மணி' என்பதை 'அறை மணி' என்று எழுதியிருந்தேன். அதைச் சுற்றிப் பேராசிரியர் இட்ட சிவப்பு வட்டம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

கைப்பேசியைப் பழிப்பது என் நோக்கமன்று. எங்கள் ஊரில் புத்தகக் கடை கிடையாது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைப் பேருந்தில் நின்றபடியே படித்தவன் நான். கருவி நல்லதுதான். அதில் நாம் எழுதும் முறையே திருந்த வேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

247 எழுத்துகளைத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்குவது எளிதாக இருந்திருக்குமா? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கெனத் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளை, 1978-இல் தமிழக அரசு ஏற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் 'தமிழ் 99' விசைப்பலகை பிறந்தது. 2005-இல் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் 'செல்லினம்' கைப்பேசிக்கே தமிழைக் கொண்டு வந்தது. இவர்களெல்லாம் கருவியைத் தமிழுக்கு ஏற்ப வளைத்தவர்கள். நாமோ தமிழைக் கருவிக்கு ஏற்ப வளைத்துவிட்டோம்.

தமிழில் அடிப்பது கடினம் என்பார்கள். தமிழ் 99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினால் 'அம்மா' வந்துவிடும். இரட்டித்து வரும் மெய்க்குப் புள்ளியைக் கருவியே இட்டுக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்தாலும் அதே நான்கு தட்டுகள்தாம். எனக்குக் கை பழகப் பத்து நாள் ஆயிற்று, அவ்வளவே.

அந்த விடுமுறையிலேயே அம்மாவின் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் கணிதத்தில் தேறியதும், செய்தியைத் தமிழெழுத்தில் எழுதி அனுப்பினேன். இம்முறை அம்மா எதிர்வீட்டுக்குப் போகவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பதில் வந்தது. "சந்தோசம் தம்பி. சாப்டியா" என்று இருந்தது. அம்மா எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாம் படித்த படிப்பு நம்மைப் படிக்க வைத்தவர்களிடமிருந்து நம்மைப் பிரித்துவிடலாகாது. இன்றிரவே வீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். தமிழைத் தமிழெழுத்திலேயே எழுதுங்கள்!