'வியர்டு' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஊழ்க் கருத்தும்: கொங்கு அண்ணன்மார் கதையை முன்வைத்து

முன்னுரை

இயல்புக்கு மாறானதைச் சுட்டும் 'வியர்டு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு விசித்திரம், விநோதம் ஆகியன தமிழில் நிகரன்களாக வழங்குகின்றன. இக்கால வழக்கிற்கு இவை பொருந்தும். ஆனால் பழைய ஆங்கில இலக்கியத்தை மொழிபெயர்க்கும்போதும் கற்பிக்கும்போதும் இவை பொருளைத் திரித்துவிடுகின்றன. அச்சொல் முதலில் குறித்தது விநோதத்தை அன்று, ஊழையே. இவ்வேறுபாட்டைச் சொற்பிறப்பின் வழியும், பல்லடம், காங்கேயம் உள்ளிட்ட கொங்குப் பகுதியின் அண்ணன்மார் கதை வழியும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லின் தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் இது ஊழைக் குறித்த பெயர்ச்சொல். 'ஆதல்' எனப் பொருள்படும் வினையோடு உறவுடையது. ஜெர்மன் மொழியின் 'வெர்டன்' அவ்வினையின் இனச்சொல்லாகும். இவற்றின் இந்தோ-ஐரோப்பிய வேருக்குத் திரும்புதல், சுழலுதல் என்பன பொருள். வடமொழி 'விருத்' என்னும் வினையடியும் அவ்வேரினதே. அதன்வழி வந்த 'விருத்தம்' தமிழ் யாப்பில் நிலைபெற்றுள்ளது. திரும்புதல், ஆதல், ஆகவேண்டியது என்னும் வரிசையில் ஊழ்ப்பொருள் அமைந்தது.

பொருள் மாற்றம்

ஸ்காட்லாந்து வழக்கில் இச்சொல் ஊழ்த்தேவியர் மூவருக்கு அடையாயிற்று. ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் (1577) வழியாக அத்தொடர் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தை அடைந்தது. வருவதுரைக்கும் அம்மூவரின் தோற்றமும் இயல்பு கடந்திருந்தமையால், சொல்லின் பொருள் ஊழிலிருந்து தோற்றத்தின்பால் சாய இடமேற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி, கீட்ஸ் முதலியோர் இதனை இயல்பிறந்தது என்னும் பொருளில் ஆண்டனர். இன்றைய வழக்கு அதன் தொடர்ச்சியாகும்.

தமிழ் மரபு

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் 'ஊழ்' ஆகும். 'ஊழ்த்தல்' என்னும் வினைக்கு முதிர்தல், மலர்தல் என்பன பொருள். ஆதலிலிருந்து ஊழ் என்பதும் முதிர்தலோடு ஊழ் என்பதும் ஒப்புநோக்கத்தக்கன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கையின் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கினைக் கூறுகிறது. இவற்றுள் ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாய்த் திரிதல். வியப்பும் ஆதலும் இணையும் இடம் இது. இவை கருத்து ஒப்புமைகளே, பிறப்புறவு அன்று.

பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் பதிவுசெய்த அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் ஆகியோரின் வாழ்நாள் பதினாறு ஆண்டுகள் எனச் சிவபெருமானால் முன்னரே வரையறுக்கப்படுகிறது. தங்கை அருக்காணி வரவிருக்கும் கேட்டைக் கனவில் உணர்கிறாள். அவளது அறிவு கதையில் விநோதமாக நிற்பதன்று. ஊழின் முன்னறிவிப்பாக நிற்பது. 'வியர்டு' என்பதன் பழம்பொருள் இதுவே.

முடிவுரை

'மேக்பெத்' மூவரைச் 'சூனியக்காரிகள்' என மட்டும் பெயர்த்தால், மன்னனை வீழ்த்தியது ஊழா, அவனது விழைவா என்னும் நாடகத்தின் மைய வினா மறைந்துவிடும். 'ஊழ்மகளிர்' என்னும் ஆக்கம் அவ்வினாவைக் காக்கும். இக்கால உரைநடையில் விசித்திரம், பழைய இலக்கியத்தில் ஊழ் எனக் காலம் நோக்கிச் சொல் தேர்தலே மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய நெறியாகும்.