சம்பளமும் வரியும் – 11: கிலோமீட்டருக்குக் கழிவு உண்டா?

மதுரையில் குடியிருந்துகொண்டு உசிலம்பட்டிப் பள்ளிக்கு பைக்கில் போய்வரும் ஆசிரியருக்கு ஒரு நடைக்கே சுமார் 40 கிலோமீட்டர். பிப்ரவரியில் வரிக் கணக்கு கொடுக்கும்போது, வருஷம் பூராவும் சேர்த்த பங்க் ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு ஆடிட்டர் மேசையில் வைப்பவர்கள் உண்டு. பாதி ரசீதில் மை மங்கி வெறும் தாளாகியிருக்கும். "சார், இதைக் கழிச்சுக்கலாம்ல?"

முடியாது. மை அப்படியே இருந்தாலும் முடியாது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவது நம் வருமான வரிச் சட்டத்தில் சொந்தச் செலவு.

முன்பு போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 19,200 வரை வரி இல்லாமல் இருந்தது. 2018 பட்ஜெட் அதையும், 15,000 ரூபாய் மருத்துவச் செலவுச் சலுகையையும் எடுத்துவிட்டு, 40,000 ரூபாய் நிலைக் கழிவைக் கொடுத்தது. கூட்டிக் கழித்தால் கூடுதலாகக் கிடைத்தது 5,800. இப்போது அது பழைய வரி முறையில் 50,000. புதிய முறையில் 2024-25 நிதியாண்டிலிருந்து 75,000. உசிலம்பட்டிக்குப் போகிறவருக்கும், பீபிகுளத்தில் வருமான வரி அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவருக்கும் ஒரே தொகைதான். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு மட்டும் போக்குவரத்துப் படியில் மாதம் 3,200 வரை விலக்கு தொடர்கிறது.

சரி, நாட்டுக்காகப் போகும் பயணம்?

வேலையில் இருந்துகொண்டே சீருடை அணிய நம்மிடம் டெரிட்டோரியல் ஆர்மி எனும் பிராந்திய ராணுவம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த படை. நம் பக்கத்து இளைஞர்களுக்குத் தெரிந்தது கோயம்புத்தூரில் உள்ள 110ஆவது பட்டாலியன். மதுரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல்.

பயிற்சிக்குப் போய்வர ரயில் வாரண்ட்டோ பயணப்படியோ கிடைத்தால், பயணத்துக்குச் செலவான அளவுக்கு அது வருமானத்தில் சேராது. சொந்தக் காரில் போய், கைக்காசில் டீசல் போட்டால் கழிவு கிடையாது. பயிற்சிக் காலச் சம்பளமோ வரிக்கு உட்பட்டது. களப் பகுதிப் படியில் மாதம் 2,600 வரையிலான விலக்கு பழைய முறையில் மட்டும்தான்.

இங்கே பலர் கோட்டைவிடுவது ஃபார்ம் 16இல். கம்பெனி ஒன்று தரும், ராணுவம் ஒன்று தரும். இரண்டிலும் 75,000 கழித்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு நிலைக் கழிவுதான் என்பதால், ரிட்டர்ன் போடும்போது வரி பாக்கி நிற்கும், வட்டியும் சேரும். ஒரு இடத்துச் சம்பள விவரத்தை மற்ற இடத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

அமெரிக்காவில் கதை வேறு. சாதாரண ஊழியர்களின் பயணக் கழிவை 2018 முதல் அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ரிசர்வ் படையினருக்கு விட்டுவைத்தார்கள். பணிக்காக வீட்டிலிருந்து 100 மைலுக்கு மேல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தாண்டிப் போனால், 2024 கணக்குக்கு மைலுக்கு 67 சென்ட் வரை கழிக்கலாம். அந்த விதி இங்கே இருந்தால் கோவைப் பயணம் தாராளமாகத் தேறும்.

படிப்புக்கும் இதே கதிதான். நாகமலை தாண்டி காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கும் ஊழியரின் பஸ் காசு கழியாது. 80சி பிரிவில் வரும் கல்விக் கட்டணம் பிள்ளைகளுடையது, அதிகபட்சம் இரண்டு பேருக்கு. நம் சொந்தக் கட்டணம் சேராது. வங்கியில் கல்விக் கடன் வாங்கிப் படித்தால், அதன் வட்டி முழுவதையும் 80ஈ பிரிவில் எட்டு ஆண்டுகள் வரை கழிக்கலாம். நமக்காக வாங்கிய கடனுக்கும் இது பொருந்தும். இரண்டுமே பழைய முறைக்காரர்களுக்கு மட்டும்.

ஆக, சம்பளக்காரர் ஓட்டிய தூரத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. பணம் யார் கொடுத்தது, எந்த வேலைக்கு என்றுதான் பார்க்கிறது. ரசீது சேர்ப்பதைவிட, அலுவலக வேலையாக வெளியே போகும் நாட்களுக்குப் பயணப்படி பில் போட்டு வாங்கிவிடுவதுதான் காரியம். வேலைக்காகச் செலவழித்த அளவுக்கு அந்தப் பணத்துக்கு இரண்டு முறையிலும் வரி இல்லை.

(அடுத்த வாரம்: கடைக்காரரின் வேன், டாக்டரின் கார்)