புல்லை மொட்டையடிக்க வேண்டாம்

ஈப்போவில் எந்தத் தாமானில் குடியிருந்தாலும் சனிக்கிழமை காலைச் சத்தம் ஒன்றுதான். தோளில் மாட்டிய புல்வெட்டியின் கயிற்றை ஒருவர் இழுத்து முடுக்குவார். நீலப் புகை கிளம்பும். பக்கத்து வீட்டில் சன்னலைச் சாத்துவார்கள். அந்தப் புகை ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

அதற்குள் இருப்பது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு இயந்திரம். கார் இயந்திரத்தில் மசகெண்ணெய் தனியாக இருக்கும். இதில் அப்படி இல்லை. டூ-டி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். பெட்ரோலோடு சேர்ந்து அதுவும் அரைகுறையாக எரிந்து வெளியேறுகிறது. நீல நிறம் அதனால்தான். இன்னொரு குறையும் உண்டு. எரிந்த வாயு வெளியே போகும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். அந்தச் சந்தில் புதுப் பெட்ரோலில் ஏறத்தாழக் கால் பங்கு எரியாமலே நழுவிவிடும். ஒரு வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றி 25 காசைக் காற்றில் விடுவதற்குச் சமம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றி, இத்தகைய சிறு பெட்ரோல் இயந்திரங்களின் புது விற்பனைக்கு 2024 முதல் கடிவாளம் போட்டது.

சத்தமும் சாதாரணமானதல்ல. வேலையிடத்தில் ஒருவர் நாள் முழுவதும் கேட்கும் சத்தத்தின் சராசரி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2019-ஆம் ஆண்டின் மலேசிய விதி. பெட்ரோல் புல்வெட்டியைப் பிடித்திருப்பவரின் காதருகே 90-க்கு மேல் போவது வழக்கம். ஐந்துதானே அதிகம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். நம் வீட்டுப் புல்லை வெட்ட வருகிறவர் காதடைப்பு இல்லாமல் நாளெல்லாம் வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

சரி, பேட்டரியில் ஓடும் இயந்திரம் நல்லதா? அதன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். நம் பேரா மாநிலத்திலேயே பேரா ஆற்றின் செண்டரோ அணை 1930 முதல் நீர் மின்சாரம் தருகிறது. மஞ்சோங்கிலோ பெரிய நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, பேட்டரி இயந்திரத்துக்கும் புகை உண்டு. அது மஞ்சோங்கில் வெளியேறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 160 வாட்-மணி. மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து 0.2 யூனிட் என்று கொள்ளலாம். முற்றத்தை வெட்டி முடிக்க இரண்டு முறை மின்னேற்றினாலும் 0.3 கிலோ கரியமில வாயுதான். அதே வேலைக்கு அரை லிட்டர் பெட்ரோல் செலவானால் 1.15 கிலோ. நிலக்கரியைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் பேட்டரியே வெல்கிறது. ஆனால் பழைய லித்தியம் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும், மின்கழிவு வாங்குமிடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

இரண்டும் வேண்டாம் என்றால், கையால் தள்ளும் உருளைக் கத்தி இயந்திரம் இருக்கிறது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. சுழலும் கத்திகள் கீழே உள்ள அசையாத கத்தியோடு உரசி, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்கும். நைலான் கயிற்றுப் புல்வெட்டி நறுக்காது, அடித்துப் பிய்க்கும். கயிறும் தேய்ந்து தேய்ந்து பிளாஸ்டிக் துணுக்குகளாக மண்ணில் விழும். தொடர்வீட்டின் சின்ன முற்றத்துக்குக் கைவண்டி போதும் என்பேன். ஆனால் வாரம் தவறாமல் தள்ள வேண்டும். புல் உயர்ந்துவிட்டால் கத்திக்குச் சிக்காமல் மடங்கிப் படுத்துக்கொள்ளும். மூலை வீட்டின் பெரிய முற்றத்துக்குப் பேட்டரி ஏற்றது. லாலாங் மண்டிய பழைய தோட்டத்து நிலத்தில் இந்த இரண்டும் எடுபடா.

லாலாங் என்றதும் ரப்பர் தோட்டங்களின் கதையைச் சொல்லியாக வேண்டும். எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதைவிட, எவ்வளவு கீழே வெட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கான பதில் அந்தக் கதையில் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்கூடத் தெரியக்கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. நம் முன்னோர்கள் நிரை பிடித்து, மண்வெட்டியால் நிலத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூடாத சரிவில் மழை அடித்தபோது, வளமான மேல்மண் கரைந்து ஆற்றுக்குப் போனது. பின்னர் பியூராரியா, செண்ட்ரோசெமா போன்ற கொடிப் பயறுகளைத் தரையில் படரவிடும் முறை பரவியது. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கின. லாலாங்கை வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். ஆனால் நிழல் அதற்கு ஆகாது. கொடிகளின் இலைப் போர்வைக்குள் அது ஒடுங்கியது.

நம் முற்றத்தில் பெரும்பாலும் இருப்பது கவ் கிராஸ் எனப்படும் அகன்ற இலைப் புல். அதன் இலைதான் அதன் சமையலறை. மண் தெரியச் சுரண்டினால் செடி பட்டினி கிடக்கும், வேர் குட்டையாகும், வெயில் படும் இடைவெளியில் களை முளைக்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்: 6 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால் 4-இல் நிறுத்துங்கள். வெட்டிய துணுக்குகளைக் கூட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் நைட்ரஜன் இருக்கிறது. மெல்லியதாகப் பரவியிருந்தால் நம் ஈரச் சூட்டில் சீக்கிரமே மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும்.

ஈப்போவில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். ஆகவே காலைப் பனி காய்ந்தபின், மழைக்கு முன் வெட்டுவது நல்லது. ஈரப்புல் கத்தியில் ஒட்டும். கம்பியில் இணைக்கும் மின் இயந்திரமானால் ஆபத்தும்கூட. கல் பொறுக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது தொடங்குங்கள். மறுநாள் ஓர் இலையைப் பறித்து நுனியைப் பாருங்கள். நேராக வெட்டுப்பட்டுப் பச்சையாக இருந்தால் கத்தி கூர்மையாக இருக்கிறது. பிசிறு பிசிறாகப் பழுப்பேறியிருந்தால் சாணை பிடிக்கக் கொடுக்கலாம்.