சப்பாத்திக்கள்ளி: சாயத்துக்காக நட்ட செடி காட்டுக் களையானது எப்படி?

குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு தென்காசியில் இருந்து கிழக்கே வண்டியை விட்டால், ஆலங்குளம் வருவதற்குள் காற்றே காய்ந்துவிடும். செம்மண் காடு, உடைமரம், ஓடைக்கரையில் சப்பாத்திக்கள்ளி. நம்ம ஊர்ச் செடி என்றுதான் பலரும் நினைக்கிறோம். கிடையாது. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்.

கள்ளி வகைகளை இங்கே பயிராக நட முக்கியக் காரணம் சிவப்புச் சாயம். கள்ளி மட்டையில் ஒட்டி வாழும் காச்சினீல் பூச்சியைக் காயவைத்தால் சாயம் கிடைக்கும். அன்று அந்த வியாபாரம் ஸ்பெயின் கையில். அதை உடைக்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து இந்தியாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது மட்டரகம். சாயம் தேறவில்லை, ஆனால், ஒரு வகைக் கள்ளியைச் சாறு உறிஞ்சியே சாகடித்தது. அட, இதுவும் நல்லதுக்குத்தான் என்று 1830களில் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிக்கவே அந்தப் பூச்சியை விட்டார்கள். களையை அழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் ஆரம்பகால வெற்றிகளில் இது ஒன்று.

சிக்கல் என்னவென்றால், நாகதாளி என்று நாம் சொல்லும் இன்னொரு வகையை அந்தப் பூச்சி சீண்டவில்லை. ஒடிந்து விழும் மட்டை வேர்விடும், பழம் தின்னும் பறவை விதை போடும். மேய்ச்சல் நிலமெல்லாம் முள். 1926இல் இலங்கையில் இருந்து வேறொரு காச்சினீல் இனத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அது அடங்கியது. ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் மோசம்: சுமார் 2.4 கோடி ஹெக்டேர். அங்கே காப்பாற்றியது ஓர் அந்துப்பூச்சி.

பழைய கதை இப்போது எதற்கு? தீவனம், பயோகேஸ் என்று முள்ளில்லாக் கள்ளியைத் தரிசு நிலங்களில் நட மத்திய அரசு ஊக்குவிக்கிறது. மழை ஏமாற்றும் பூமியில் ஆடு வளர்ப்பவருக்கு உண்மையிலேயே உதவக்கூடிய பயிர்தான். ஆனால், இரண்டு விஷயங்கள் இருக்கு. முள்ளில்லாச் செடியின் விதையில் முளைப்பது முள்ளோடும் வரலாம். அப்புறம், 1926இல் நம்மைக் காப்பாற்றிய அதே பூச்சி இனம்தான் 2014 முதல் மொராக்கோவில் விவசாயிகளின் கள்ளித் தோட்டங்களைக் காலி செய்தது.

நடுவதாக இருந்தால் ஓடைக்கரையைத் தவிர்க்கலாம். வெள்ளம் மட்டையை இழுத்துப்போய் கீழே நட்டுவிடும். வெட்டிய மட்டையை வேலியோரம் வீசக்கூடாது. வாங்கும் மட்டையில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். சிவப்பாகக் கசிந்தால், காச்சினீல் ஏற்கெனவே ஏறிவிட்டது. அந்த மட்டை வேண்டாம்.