பெயரும் பயனும்

மேகமலைச் சரிவுகள் போன்ற மலைத்தோட்டங்களில் விளையும் தேயிலையை மொத்தமாக வாங்குவோர், மூட்டையின்மேல் எழுதிய பெயரைக் கண்டு விலை கூறுவதில்லை. வெந்நீரில் இட்டு, நிறம் பார்த்து, நாவில் வைத்துச் சுவைத்த பின்னரே விலை பேசுவர். ஒரு கோப்பைத் தேநீருக்கே இத்தனை சோதனை! ஆயின், நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கல்லூரியை மட்டும் பெயரை நம்பியே தேர்ந்துகொள்கிறோம். இது முறையா என்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பெரியாற்று நீர் 1895இல் வந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியதோ 1956இல். அதற்கு முன் பட்டம் பெற விரும்பியோர் பெரும்பாலும் மதுரைக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று போடிநாயக்கனூரில் அரசு பொறியியற் கல்லூரியும் உண்டு. ஆயினும், அருகில் இருப்பதாலும் கட்டணம் குறைவாக இருப்பதாலும் இவற்றை எளிதாக மதிக்கும் மனப்பான்மை மாணவரிடையே காணப்படுகிறது. விலை மிகுந்ததே சிறந்தது என்பது சந்தைக்கும் பொருந்தாத எண்ணம். கல்விக்கு எவ்வாறு பொருந்தும்?

தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகின. கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கு அவற்றில் கட்டண வரம்பு உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கட்டணமோ பெரும்பாலும் இதனினும் மிகுதி. அதைக் கொடுக்கலாமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து இலட்சம் ரூபாய்க் கடனை, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில், பத்தாண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 6,600 ரூபாய் ஆகும். படிக்குங்காலத்தில் ஏறும் வட்டி இதிற் சேரவில்லை. மாதம் 40,000 ரூபாய் ஈட்டுபவனுக்கு இது வருவாயில் ஆறில் ஒரு பங்கு. 15,000 ஈட்டுபவனுக்கோ ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேல்! கடன் ஒன்றே, சுமை வேறு.

ஆகவே, படித்து முடித்தோர் எவ்வளவு ஈட்டுகின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும். இங்கே ஒரு மயக்கம் நேரலாம். ஐவரின் மாத ஊதியம் முறையே 12,000, 14,000, 15,000, 16,000, 93,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30,000 ஆகிறது. ஆனால் ஐவருள் நால்வர் அதிற் பாதியளவே பெறுகின்றனர்! வரிசையில் நடுவே நிற்கும் 15,000 என்னும் எண்ணே உண்மை நிலையைக் காட்டும். விளம்பரம் 93,000த்தைக் காட்டும். நீங்கள் நடு எண்ணைக் கேளுங்கள். 2016 முதல் வெளிவரும் தேசிய தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில் இந்த எண்ணும் இடம்பெறுகிறது.

அரசுப் பள்ளியிற் பயின்றோர் மற்றொன்றையும் அறிதல் நலம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்விடங்களைப் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதனை அறியாமற் கடன்பட்ட குடும்பம் வருந்துவதில் பயனில்லை.

பெயர் பெற்ற கல்லூரியால் பயனே இல்லை என்பது என் கருத்தன்று. நல்லாசிரியரும், ஆய்வுக்கூடமும், ஊக்கமுள்ள உடன் மாணவரும் அமைந்த இடத்திற்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அவை அங்கே உண்டா என்று நேரிற் சென்று பார்த்த பின்னரே கொடுங்கள். பெரியாற்று நீர் எல்லா வயலுக்கும் பாய்கிறது. உழுது பண்படுத்திய வயலே கதிர் முற்றி நிற்கிறது. கல்லூரி நீர் போன்றது, உழவு மாணவருடையது.